செக்யூரிட்டி வேலையும் உடம்பும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்ஸியில் பதினோரு வருஷம் ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு மேல் பைக்கை எடுத்துக்கொண்டு பாயிண்ட் பாயிண்டாக (காவலாளி நிற்கும் இடத்தை அப்படித்தான் சொல்வோம்) போய், ஆள் முழித்திருக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. இப்போது அம்பத்தூர் பக்கம் ஒரு சின்னக் கடையில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் காவலாளிகள், இல்லையென்றால் அவர்கள் வீட்டு ஆட்கள். ஃபாரம் நிரப்ப வந்துவிட்டு உடம்பைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்ட பிறகு, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அவர்களிடம் போக வேண்டிய இடம் வந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

"சும்மா நாற்காலியில உட்கார்ந்திருக்கிற வேலைதானே சார், இதுல என்ன ஸ்ட்ரெஸ்?"

இதைக் காவலாளிகள் கேட்பதில்லை. அவர்கள் வீட்டில் கேட்கிறார்கள், அபார்ட்மென்ட்காரர்கள் கேட்கிறார்கள். ஒன்றும் நடக்காத இடத்தில், ஏதாவது நடந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருப்பது மூளைக்குப் பெரிய பாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று மெக்வொர்த் என்ற ஆய்வாளர் சோதித்தார். சுற்றிவரும் ஒரு முள் எப்போதாவது இரண்டு படி தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்திலேயே கவனம் சரியத் தொடங்கியது. 1948இல் வெளிவந்த ஆய்வு அது. நம் ஆட்களைப் பன்னிரண்டு மணி நேரம் சி.சி.டி.வி. முன்னால் உட்கார வைக்கிறோம்.

இதோடு, எந்த முடிவும் அவர் கையில் இல்லை. கேட்டைத் திறந்தால் ஏன் திறந்தாய், திறக்காவிட்டால் ஏன் திறக்கவில்லை. திருட்டு போனால் முதல் சந்தேகம் அவர் மேல். மணிக்கொரு தரம் வாட்ஸ்அப் குரூப்பில் செல்ஃபி போட வேண்டும். பொறுப்பு முழுக்கத் தன் தலையில், அதிகாரம் துளியும் இல்லை என்ற நிலைதான் ஒரு வேலையை உடம்புக்கு ஆகாததாக்குகிறது.

"பன்னிரண்டு மணி நேர டூட்டி எல்லாரும் பார்க்கிறதுதானே. அதனால என்ன ஆகிடும்?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 72 மணி நேரம். வார லீவு இல்லாத பாயிண்டில் 84. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ பார்ப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் சாகும் வாய்ப்பு 17 சதவீதமும் அதிகம் என்றது. நம் ஆள் 55ஐ ஐந்தாவது நாளிலேயே தாண்டிவிடுகிறார்.

சுகர், பி.பி., கால் வீக்கம், முன்கோபம் என்று தனித்தனியாகக் கேட்கிறார்கள். பதினோரு வருஷம் பார்த்த எனக்கு அதெல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகத்தான் தெரிகிறது. மரம் அந்தப் பன்னிரண்டு மணி நேரம். கீழே வருகிற பல பதில்கள் இங்கேதான் திரும்பி வரும்.

"நைட் டூட்டி போகப் போக உடம்பு பழகிடும்னு சொல்றாங்களே?"

மனசு பழகும், உடம்பு முழுசாகப் பழகாது. நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது, அதைத் திருப்பி வைப்பது வெளிச்சம். காலையில் டூட்டி முடிந்து வெயிலில் வீட்டுக்கு வருகிறீர்கள், அந்த வெளிச்சமே 'பகல் ஆரம்பித்துவிட்டது' என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. வார லீவில் குடும்பத்தோடு ராத்திரி தூங்கினால், கொஞ்சம் நகர்ந்திருந்த கடிகாரமும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடம்புச் சூடு மிகவும் இறங்கியிருக்கும். எத்தனை வருஷம் நைட் பார்த்தவருக்கும் அந்த நேரத்தில் கண் சொருகும். இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துத்தான் நானும் பல வருஷம் ஆட்களைத் திட்டினேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மறுபடி 2019இலும் இரவு வேலையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது' என்ற பிரிவில் வைத்தது. நைட் பார்ப்பவருக்கெல்லாம் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. விளையாட்டான விஷயம் இல்லை என்று அர்த்தம்.

"பகல்ல எவ்வளவு நேரம் படுத்தாலும் தூக்கம் வரமாட்டேங்குது. என்ன பண்ணலாம்?"

பகல் தூக்கம் ராத்திரித் தூக்கத்தை விட ஒன்றிரண்டு மணி நேரம் குறைவாகத்தான் வரும். அதனால் ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் என்று பார்க்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: வந்ததும் ஐந்து மணி நேரம், டூட்டிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு வரும்போது தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டோ கறுப்புக் கண்ணாடி போட்டோ வாருங்கள். பைக் ஓட்டினால் கண்ணாடி வேண்டாம், தூக்கக் கலக்கத்தோடு அது ஆபத்து. ஜன்னலுக்குப் பழைய போர்வை போதும். போனை வேறு அறையில் வையுங்கள்.

இதெல்லாம் தனி அறை இருப்பவருக்கு. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாசப் பகலில், ஏஜென்ஸி கொடுத்த ரூமில் எட்டுப் பேர் மாறி மாறிப் படுக்கும் அசாம், ஒடிசா பையன்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நைட் ஆட்களை ஒரு ரூமிலும் டே ஆட்களை ஒரு ரூமிலும் போடச் சொல்லிக் கூட்டாகக் கேளுங்கள். ஏஜென்ஸிக்குக் காசு செலவில்லாத விஷயம் என்பதால் சில இடங்களில் நடந்திருக்கிறது.

"முழிச்சிருக்க டீ குடிக்கிறேன், ஹான்ஸ் போடுறேன். தப்பா?"

டீ தப்பில்லை, நேரம்தான் முக்கியம். குடித்த டீயில் உள்ள காஃபினில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். காலை எட்டரைக்குப் படுக்கிறவர் கடைசி டீயை ராத்திரி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்றாவது டீ குடித்துவிட்டு 'தூக்கம் வரலை' என்றால் எப்படி வரும்?

ஹான்ஸ் புகையிலை வேறு கதை. ஒதுக்கி வைக்கிற கன்னத்தில்தான் வாய்ப் புற்றுநோய் ஆரம்பிக்கும். வாயில் வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், வாயை முழுசாகத் திறக்க முடியாமை, இதில் எது இருந்தாலும் அரசு பல் மருத்துவமனையில் காட்டுங்கள். தூக்கத்தை விரட்டத்தான் இந்தப் பழக்கம் வந்தது என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். டூட்டியை எட்டு மணி நேரமாக்கினால் பாதிப் பேருக்கு அந்தத் தேவையே வராது என்று நினைக்கிறேன்.

"ரிலீவர் வரலைன்னா டபுள் டூட்டி பார்க்கச் சொல்றாங்க. பார்க்கலாமா?"

கையில் காசு வரும் என்பதால் பார்க்கிறீர்கள், தெரியும். ஆனால் தொடர்ந்து 17 மணி நேரம் முழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் செய்த சோதனை காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவு 0.03. அதாவது டபுள் டூட்டி முடித்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வீட்டுக்குப் போகிறவர், ஒரு சொட்டு குடிக்காமலே குடித்த கணக்கில் வருகிறார். முடிந்தால் அன்றைக்குப் பஸ்ஸில் போங்கள். முடியாவிட்டால் அரை மணி நேரம் பாயிண்டிலேயே படுத்து எழுந்து கிளம்புங்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ வழியில் விபத்து நடந்தால், வேலையோடு அதற்குத் தொடர்பு இருக்கிற பட்சத்தில் இ.எஸ்.ஐ. அதை வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளும். 2010இல் வந்த திருத்தம் இது. எத்தனையோ வீடுகளில் தெரியாமலே விட்டுவிட்டார்கள். டூட்டி ரிஜிஸ்டரில் அன்றைய இன்-டைம், அவுட்-டைம் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள், நிரூபிக்க அதுதான் கை கொடுக்கும்.

"கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நீலமா இருக்கு. நின்னுக்கிட்டே இருக்கிறதாலயா?"

பெரும்பாலும் ஆமாம். பரம்பரையும் ஒரு காரணம், ஆனால் அசையாமல் நிற்பது அதைக் கிளப்பிவிடும். காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடந்தால் அது சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்யும். மால் வாசலிலோ நகைக்கடை வாசலிலோ சிலை மாதிரி நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் கீழேயே தேங்கும். அரை மணிக்கொரு முறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டில் படுக்கும்போது காலுக்குத் தலையணை வையுங்கள். இறுக்கமான நீளக் காலுறை உண்டு, டாக்டர் அளவு பார்த்துச் சொன்னால் வாங்குங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, கணுக்கால் பக்கம் தோல் கறுத்துப் புண் வந்தாலோ தள்ளிப்போட வேண்டாம்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி வலித்தால், முதலில் ஷூவைப் பாருங்கள். ஏஜென்ஸி கொடுக்கும் ஷூ பெரும்பாலும் கல் மாதிரி இருக்கும், அளவும் சரியாக இருக்காது. உள்ளே ஒரு மெத்தை அட்டை போட்டுக்கொண்டாலே பாதி வலி குறையும்.

"டூட்டியில உட்காரக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

சட்டத்தில் எங்கேயும் இல்லை. கஸ்டமருக்கு 'ஸ்மார்ட்டா' தெரிய வேண்டும் என்று ஏஜென்ஸி போட்ட ரூல் அது. மாறாக, கடைகள், வணிக நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே 2018இல் கேரளா செய்தது. தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களை மனதில் வைத்து எல்லாரும் பாராட்டினோம்.

அபார்ட்மென்ட் கேட்டுக்கு இந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. கடை வாசலில் நிற்கும் காவலாளியைப் பற்றிக் கேட்டாலும், 'அவர் ஏஜென்ஸி ஆள், எங்கள் ஊழியர் இல்லை' என்று கடைக்காரர் நழுவப் பார்ப்பார். ஆனாலும் கேளுங்கள். ஒரு உயரமான ஸ்டூல் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். நாற்காலி என்றால்தான் 'தூங்கிடுவான்' என்ற பயம் வருகிறது.

"பாயிண்ட்ல பாத்ரூம் இல்ல. அதனால தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டேன். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று விட முடியாது. இதைக் கேட்பவர்களில் ஏ.டி.எம். காவலாளிகளும் பெண் காவலாளிகளும் அதிகம். தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று, கல் என்று வரிசையாக வரும். பெண்களுக்குத் தொற்று இன்னும் சுலபமாக வரும். மாதவிலக்கு நாட்களில் நாப்கின் மாற்ற இடமில்லாமல் எட்டு மணி நேரம் அப்படியே நின்றதாக ஒரு அம்மா சொன்னார். அந்தக் கடை நான்கு மாடி, உள்ளே கஸ்டமருக்கு மாடிக்கு மாடி கழிப்பறை.

வெயில் காலத்தில் இது உயிருக்கே ஆபத்து. கத்திரி வெயிலில் பாலியஸ்டர் யூனிஃபார்ம், தொப்பி, பெல்ட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு கேட்டில் நிற்பவருக்குத் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் உள்ளே போக வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். பேச்சு குழறி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் 108ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை ஈரத் துணி போட்டுக் காற்று வீசுங்கள். 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

அசோசியேஷனோ கடையோ ஏஜென்ஸியோடு ஒப்பந்தம் போடும்போது 'காவலாளி எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார்' என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் டார்ச் லைட்டுக்கு வரி இருந்தது, இதற்கு இல்லை.

"லேடி செக்யூரிட்டியை நைட் போடலாமா?"

போடலாம், ஆனால் அவர் சம்மதம் வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேலும் காலை ஆறு மணிக்கு முன்பும் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களது ஒப்புதலும் பாதுகாப்பு ஏற்பாடும் கட்டாயம் என்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. 'வரலைன்னா வேலை இல்லை' என்று சொல்லி வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"கேபின்ல கொசுவர்த்தி ஏத்தி வெச்சுக்கறேன். அதுல ஒண்ணும் இல்லையே?"

இருக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிக்கையில் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் எரித்தால் வருவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது. நான்குக்கு நான்கு அடி கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு இதைத்தான் சுவாசிக்கிறீர்கள். சுருளை வெளியே வையுங்கள், அல்லது ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன மேஜை ஃபேன் கொசுவையும் விரட்டும், வெக்கையையும் குறைக்கும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நிற்பவர்களுக்கு வண்டிப் புகை தனி. அங்கே ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி விடுவதுதான் வழி.

"எனக்கு சுகர் இருக்கு. நைட் டூட்டியில மாத்திரை எப்போ போடணும்?"

இதற்கு மட்டும் என்னிடம் பதில் எதிர்பார்க்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது 'நான் நைட் டூட்டி' என்று முதலில் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வதே இல்லை. 'காலை, இரவு சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருக்கும், உங்களுக்கோ காலை என்பது படுக்கிற நேரம். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கிப்போனால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே இனிப்பு சாப்பிடுங்கள். பையில் எப்போதும் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

ராத்திரியில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறனே குறைவு. பன்னிரண்டு மணிக்குத் தள்ளுவண்டியில் பரோட்டா சாப்பிடுவது, பகல் பரோட்டாவை விட மோசம். டூட்டிக்கு முன் வீட்டிலேயே நன்றாகச் சாப்பிட்டு, நடு ராத்திரியில் சுண்டல், வேர்க்கடலை, மோர் என்று முடித்துக்கொள்வது உத்தமம். பி.பி., சுகர் மாத்திரையை வீடு தேடி வந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் இருந்து நடக்கிறது. அவர்கள் பகலில் வருவார்கள், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் சீட்டைக் கொடுத்து வைத்துவிடுங்கள்.

"அப்பாவுக்கு 63 வயசு, செக்யூரிட்டி வேலைக்குப் போறேன்னு நிக்கிறார். விடலாமா?"

2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி 18 வயது முடிந்து 65 வயது ஆகாதவரைத்தான் காவலாளியாக வைக்க வேண்டும். நடைமுறையில் எழுபது வயதுத் தாத்தாக்கள் எத்தனை கேட்டில் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தின் மத்திய மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன, வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையும் கேட்கின்றன. எனக்குத் தெரிந்து பயிற்சி என்பது பெரும்பாலும் 'சல்யூட் இப்படி அடி' என்பதோடு முடிந்தது. 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை என்று புதிய தொகுப்பு அமலானபோது மத்திய அரசும் அறிவித்திருக்கிறது. ஏஜென்ஸியிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

விடுவதா வேண்டாமா என்றால், எட்டு மணி நேர டே ஷிஃப்ட், உட்கார இடம், பாத்ரூம் மூன்றும் இருந்தால் விடலாம். வீட்டில் சும்மா இருப்பதை விட நல்லதாகக் கூட இருக்கலாம். பன்னிரண்டு மணி நேர நைட் என்றால் என் அப்பாவை நான் விட மாட்டேன். இ.எஸ்.ஐ.க்கு மேல் வயது வரம்பு கிடையாது, வேலையில் இருக்கும்வரை உண்டு. பி.எஃப். பிடிப்பும் உண்டு, பென்ஷன் பங்கு மட்டும் 58 வயதோடு நின்றுவிடும்.

"சம்பளத்துல இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க, கார்டு தரலை. காய்ச்சல் வந்தா தனியாருக்கே போறோம்."

மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், ஏஜென்ஸி பங்கு 3.25 சதவீதம். 14,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 105 ரூபாய், அவர்கள் கட்ட வேண்டியது 455. முதலில் ஐ.பி. நம்பர், அதாவது உங்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண், கேளுங்கள். நம்பர் இருந்தால் பணம் கட்டுகிறார்களா என்று ஆன்லைனிலேயே தெரிந்துவிடும். கட்டவில்லை என்றால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் நிற்கும் இடம் தொழிற்சாலை, மருத்துவமனை, மால் போன்ற இ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட நிறுவனமாக இருந்தால், ஏஜென்ஸி கட்டாததற்கு அந்த நிறுவனமும் பொறுப்பு. இதைச் சொன்னதுமே பல இடங்களில் வேலை நடக்கும்.

சேர்ந்த நாளிலிருந்தே சிகிச்சை உண்டு. நோய் விடுப்புப் பணம் வேறு: ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும், புதிதாகச் சேர்ந்தவர் ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். அப்புறம் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தால் 90 சதவீதம், அதற்கு இந்தக் காத்திருப்பு கிடையாது.

"குடியிருக்கிறவங்க வாய்க்கு வந்தபடி திட்டறாங்க. பதில் பேசினா வேலை போயிடும். என்ன செய்யறது?"

திட்டு வெறும் திட்டோடு நிற்காத நாளும் உண்டு. 2015இல் கேரளத்தில் திருச்சூரில், கேட்டைத் திறக்கத் தாமதமானது என்று ஒரு பணக்காரர், குடியிருப்பின் காவலாளியைக் காரால் மோதித் தாக்கினார். காவலாளி இறந்துபோனார், அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இது உச்சம். தினசரி நடப்பது 'நீ யாருடா என்னைக் கேட்க' என்ற அளவு.

அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில், ரூலை ஆளிடமிருந்து பிரித்து வைப்பது. 'விசிட்டர் கையெழுத்து இல்லாமல் அனுமதி இல்லை, இப்படிக்குச் செயலாளர்' என்று போர்டு இருந்தால், காவலாளி விரலை நீட்டிக் காட்டினால் போதும். கோபம் செயலாளரிடம் போகும். ஒவ்வொரு சம்பவத்தையும் நேரம் போட்டு ரிஜிஸ்டரில் எழுதுங்கள். கை நீட்டினால் காவல் நிலையத்தில் புகார், அதோடு அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு. இலவச சட்ட உதவிக்கு 15100.

"அவர் வீட்டுக்கு வந்தாலே எரிஞ்சு விழறார், யார்கிட்டயும் பேசறதில்லை. குடியும் அதிகமாயிடுச்சு."

மனைவிமார் கேட்பது. டூட்டியில் பன்னிரண்டு மணி நேரம் 'சரிங்க சார்' என்று அடக்கி வைத்தது வீட்டு வாசலில் வெடிக்கிறது. அதோடு தூக்கக் கடன் சேர்ந்தால் சின்னச் சத்தமும் இடி மாதிரி கேட்கும். அவர் எழுந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு பேச வேண்டியதைப் பேசுங்கள், டூட்டி முடிந்து வந்த உடனே வேண்டாம். வாரத்தில் ஒருவேளைச் சாப்பாடாவது பிள்ளைகளோடு அமையும்படி ஷிஃப்ட்டை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். வருஷக் கணக்கில் நைட் பார்த்தவர்களுக்குப் பெரிய வலி, வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிட்டோம் என்பது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு, தூக்கம் கெட்டு, 'இருந்து என்ன ஆகப்போகுது' என்று பேசினால் அது களைப்பு இல்லை, சிகிச்சை வேண்டிய நிலை. 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104லும் பேசலாம். நேரில் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. அங்கே போனால் பைத்தியம் என்பார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு, அரசுப் பொது மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவிலும் மனநல டாக்டர் இருக்கிறார். குடியும் அங்கேயே பார்க்கப்படும். தூக்கத்துக்காகக் குடிப்பவர் என்றால் சொல்லுங்கள்: குடி கண்ணை மூட வைக்கும், நடுவில் எழுப்பியும் விட்டுவிடும்.

"தூங்கினா 500 ரூபா ஃபைன் போடறாங்க. போட முடியுமா?"

ஒரு சம்பளக் காலத்தில் மொத்த அபராதம் அந்தச் சம்பளத்தின் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முதலில் உங்களிடம் விளக்கம் கேட்க வேண்டும். 14,000 சம்பளத்துக்கு மாதம் முழுக்கச் சேர்த்து 420 ரூபாய். ஆகவே ஒரு தடவைக்கு 500 என்பதே சட்டத்துக்கு வெளியே.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். ஒரு விடியற்காலை நான்கு மணிக்கு, போரூர் பக்கம் ஒரு பாயிண்டில் நாற்காலியில் தலை சாய்ந்திருந்தவரைப் போட்டோ எடுத்து அனுப்பி ஃபைன் போட வைத்தேன். ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்க்காமல்தான் அனுப்பினேன். அந்த வாரத்தில் அவருக்கு அது மூன்றாவது டபுள் டூட்டி. ரிலீவர் அனுப்பாதது எங்கள் ஆபீஸ். மேலே சொன்ன மூன்று மணி, ஐந்து மணிக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் பாயிண்டில் மாறி மாறி இருபது நிமிஷம் கண் மூட விட்டாலே மீதி ராத்திரி உருப்படியாக இருக்கும். அதை ரோஸ்டரிலேயே எழுதினால் ஒளிந்து தூங்க வேண்டியதில்லை.

"நாங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன். எட்டு மணி நேர ஷிஃப்ட் கொடுத்தா செலவு ஒன்றரை மடங்கு ஆகுமே?"

சட்டப்படி கொடுத்தால் எட்டு மணி நேரம்தான் மலிவு. நாலு மணி நேர ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். மணிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஆள் மூன்று பேர்: மூன்று தடவை 560, மொத்தம் 1,680. பன்னிரண்டு மணி நேர ஆள் ஒருவருக்கு 560, அதோடு நாலு மணி நேரம் 140 வீதம் இன்னொரு 560, ஆக 1,120. இரண்டு பேருக்கு 2,240. பன்னிரண்டு மணி நேரம் உங்களுக்கு மலிவாகத் தெரிகிறது என்றால், நடுவில் யாருக்கோ ஓவர்டைம் போய்ச் சேரவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 48 மணி நேரம் என்றால் ஒரு பாயிண்டுக்கு மூன்றரை ஆள் வேண்டும். ஏஜென்ஸி இரண்டு ஆள் காட்டினால் வார லீவு எங்கே போனது என்று கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. நியமனக் கடிதம் கட்டாயம், எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு, ஓவர்டைமுக்கு இரட்டை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த பில்லோடு மூன்று பேரின் சம்பளச் சீட்டு நகலையும் கேட்டு வாங்குங்கள்.

"எட்டு மணி நேரம்னா கைக்கு வர்றது குறைஞ்சிடும். எங்களுக்குப் பன்னிரண்டே இருக்கட்டும் சார்."

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் திணறுவேன். ஊரில் கடன், பெண் கல்யாணம், பிள்ளை ஃபீஸ் என்று வந்தவரிடம் பக்கவாதக் கணக்குச் சொன்னால் சிரிப்பார். அவர் சொல்வது தப்பில்லை. எட்டு மணி நேரச் சம்பளத்தில் சென்னையில் வாடகை கொடுத்து வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. சிலர் ஒரு பாயிண்டில் எட்டு மணி நேரம் முடித்து, வேறு ஏஜென்ஸியில் இன்னொரு எட்டு பார்க்கவும் போய்விடுகிறார்கள்.

அவரிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இப்போது வாங்குகிற பன்னிரண்டு மணி நேரச் சம்பளத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: அடிப்படை எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு. மேலே போட்ட கணக்குப்படி வர வேண்டியதற்கும் கையில் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் எழுதிப் பார்த்தவர்கள், பெரும்பாலும் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். போன மாதம் இருவர், தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீஸுக்கு வழி கேட்டார்கள். தனியாகப் போகாமல் ஒரே ஏஜென்ஸி ஆட்கள் ஐந்தாறு பேராகப் போங்கள் என்று சொல்லி, 'முதல்வரின் முகவரி' என்ற அரசுப் புகார் எண் 1100ஐயும் எழுதிக் கொடுத்தேன்.